மட்டியின் நொதியும் இரண்டாவது புள்ளியும்

ஓய்வு பெற்ற சில ஆண்டுகளுக்குப் பின்னர், என்னைப் பற்றி ஒரு கதை எங்கள் பக்கத்தில் உலவுவதாகக் கேள்விப்பட்டேன். பழவேற்காட்டு ஏரியின் சேற்றில் மட்டிச் சிப்பி பொறுக்கும் ஒரு பெண்மணி, டாக்டர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்த வாத்தியாரை ஏமாற்றிவிட்டாராம். ஏமாந்ததற்குத் தண்டனையாக வாத்தியார் ஊரே பார்க்க மட்டிக் கூடையைத் தலையில் சுமந்தாராம். இதில் கூடை சுமந்தது மட்டும் உண்மை. ஏமாற்றம் என்பதும் தண்டனை என்பதும் சொல்பவர்கள் சேர்த்துக்கொண்டவை. நடந்ததை நடந்தபடி எழுதி வைப்பது என் பெயருக்கும் அந்த அம்மையாரின் பெயருக்கும் நான் செய்ய வேண்டிய கடமை என்று கருதுகிறேன்.

எழுபதுகளின் பிற்பகுதியில் நான் பொன்னேரியில் ஒரு கல்லூரியில் விலங்கியல் விரிவுரையாளராக இருந்தேன். ஏரிக்கரையில் உள்ள ஒரு மீனவக் குப்பத்தில் பிறந்தவன். அந்தக் குப்பத்திலிருந்து முதுகலைப் பட்டம் பெற்ற முதல் ஆள் நான்தான். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை என்று எழுதினால் அது பொய்யாகும். என் தகப்பனார் தம் படகில் வேறெதையும் மன்னிப்பார், என் பட்டத்தைத் தவறாகச் சொல்பவனை மன்னிக்கமாட்டார். வேலை பார்த்துக்கொண்டே, சென்னையில் ஒரு பேராசிரியரின் மேற்பார்வையில் ஆராய்ச்சிக்குப் பதிவு செய்திருந்தேன். நான் எடுத்துக்கொண்ட பொருள் ஒரு நொதி.

அந்த நொதியைப் பற்றி இங்கே சொல்லாமல் மேலே போக முடியாது. உயிருள்ள உடலில் ஒரு மூலக்கூறு வேலைக்குத் தயாராக வேண்டுமானால் அதன் மேல் கோஎன்சைம்-ஏ என்னும் சுமை ஏற வேண்டும். ஏற்றுவதற்கு ஆற்றல் செலவாகும். ஆனால் ஏற்கெனவே சுமையோடு நிற்கும் ஒரு மூலக்கூறிடமிருந்து அதை அப்படியே இன்னொன்றுக்கு மாற்றிவிட்டால் புதிதாகச் செலவில்லை. அப்படி மாற்றிக் கொடுக்கும் நொதிதான் கோஎன்சைம்-ஏ இடமாற்றி. பழவேற்காட்டுப் படகுத்துறையில் தினமும் இதைப் பார்க்கலாம். ஈரக் கூடையோடு வரும் பெண் அதைத் தரையில் இறக்கமாட்டாள். இறக்கினால் மறுபடி தூக்கிவிட இரண்டு பேர் வேண்டும். எதிரே நிற்பவள் தலையைக் குனிந்து கொடுக்க, ஒரு தலையிலிருந்து மறு தலைக்குக் கூடை மாறும். தூக்கிய உயரம் வீணாகாது. பின்னாளில் பல ஆண்டுகள் மாணவர்களுக்கு நான் இந்த உதாரணத்தைத்தான் சொன்னேன். எந்தப் பாடநூலிலும் இதைவிடத் தெளிவான விளக்கத்தை நான் கண்டதில்லை.

மட்டிக்கு இந்த நொதி ஏன் வேண்டும்? நீர் வற்றிச் சேறு வெளியே தெரியும்போது மட்டி தன் இரண்டு ஓடுகளையும் இறுக மூடிக்கொள்கிறது. உள்ளே காற்று இல்லை. காற்றில்லாமல் உயிரைப் பிடித்து வைத்துக்கொள்ள அது வேறொரு வழியில் சர்க்கரையை எரிக்கிறது. அந்த வழியின் கடைசிப் படியில் கூடை மாறுகிறது. கூடையைக் கொடுத்துவிட்டு வெறுந்தலையோடு வெளியே வருவது புரோப்பியானிக் அமிலம். வெளிநாட்டுக் கடல்களின் மட்டியினங்களில் இது நிகழ்வதாக எழுதத் தொடங்கியிருந்தார்கள். எங்கள் ஏரி மட்டியில் நிகழ்கிறதா என்பதே என் கேள்வி.

பாதி விடையை ஓராண்டிலேயே பெற்றுவிட்டேன். அரைத்த மட்டிச் சதையின் சாற்றில் நொதி இருந்தது. பனிக்கட்டிப் பெட்டியில் உயிரைப்போல் காத்து வைத்திருந்த கோஎன்சைம் புட்டியிலிருந்து துளித்துளியாக எடுத்துச் சேர்த்த குழாயில் செம்பழுப்பு நிறம் எழுந்தது. சாறு சேராத குழாய் வெளிறியே நின்றது. ஒரு மதிய இடைவேளையில் அந்த இரண்டு குழாய்களையும் சன்னலோரம் பிடித்துப் பார்த்தபடி நான் நின்றிருந்ததை ஆய்வக உதவியாளர் நெடுங்காலம் சொல்லிச் சிரிப்பார்.

மறு பாதி கடினமானது. நொதி இருந்தால் போதாது. உயிரோடு இருக்கும் மட்டிக்குள் அது வேலை செய்ய வேண்டும். ஒரு முழுப் பகலும் இரவும் நீர் படாமல் வைத்திருந்த மட்டியின் சதையை வடித்தெடுத்து, வடிநீரைத் தாளில் ஓடவிட்டுச் சாயம் தெளித்தால் அமிலங்கள் புள்ளிகளாகத் தெரியும். முதல் புள்ளி, எப்போதும் காணும் அசிட்டிக் அமிலம். அதைத் தாண்டி இரண்டாவது புள்ளி வந்தால் புரோப்பியானிக் அமிலம். அந்த இரண்டாவது புள்ளிதான் என் ஆராய்ச்சியின் உயிர்.

மட்டி எனக்கு வந்தது ஓர் அம்மையாரிடமிருந்து. பசியாவரம் தீவுக்கு எதிர்க்கரையில், ஏரியில் இறாலும் நண்டும் கையாலேயே பிடித்து வாழும் குடும்பங்களுள் ஒன்று அவருடையது. என்னைவிடப் பதினைந்து வயதாவது மூத்தவர். என்னை ‘நைனா’ என்பார். எங்கள் பக்கத்தில் தகப்பனை அழைக்கும் சொல் அது. இளைய ஆண்களையும் பெண்கள் பரிவோடு அப்படி அழைப்பதுண்டு. விடியற்காலையில் நீர் வற்றும் நேரத்தில் அவர் பொறுக்கும் மட்டியைத் தம் வீட்டிலேயே மறுநாள் காலைவரை வைத்திருந்து, முதல் படகில் அனுப்பிவிடுவார். துறையில் நான் பெற்றுக்கொண்டு பேருந்தில் பொன்னேரிக்குக் கொண்டு போவேன். முதல் நாள் நான் படகில் நின்றபடியே விதிமுறைகளைச் சொன்னேன். நீரில் போட்டு வைக்கக் கூடாது, நிழலில் வைக்க வேண்டும், அவ்வளவுதான். சேற்றில் இறங்கவில்லை. வெள்ளைச் சட்டையும் கால்சட்டையும் அணிந்திருந்தேன்.

ஆறு முறை மட்டி வந்தது. ஆறு முறையும் தாளில் ஒரே புள்ளி. நொதி இருக்கிறது, ஆனால் வேலை செய்யவில்லை. உலகம் முழுவதும் ஒரு விதம், எங்கள் ஏரி மட்டி வேறு விதம் என்று நான் முடிவு கட்டினேன். பேராசிரியர் மிகவும் மகிழ்ந்தார். சென்னையில் நடக்கவிருந்த ஒரு கருத்தரங்கில் நான் இதைப் படிப்பதென்று ஏற்பாடாயிற்று. கட்டுரைச் சுருக்கம் அச்சுக்குப் போயிற்று. கல்லூரி முதல்வர் ஆசிரியர் கூட்டத்தில் எழுந்து என்னைப் பாராட்டினார். என் தகப்பனார் வலை காயப்போடும் இடத்தில் செய்தியைப் பரப்பிவிட்டார். குப்பத்துப் பெரியவர் ஒருவர் என்னை நிறுத்தி விவரம் கேட்டார். முடிந்தவரை எளிமையாகச் சொன்னேன். அவர் யோசித்துவிட்டு, “அப்ப வெளிநாட்டு மட்டி செய்யறத நம்ம மட்டி செய்யாதுன்ற. நம்ம ஏரித் தண்ணிக்கு ஒரு ரோஷம் கீது பாத்தியா” என்றார். அறிவியல் அப்படிச் சொல்லவில்லை என்று நான் மறுத்திருக்க வேண்டும். மறுக்கவில்லை.

கருத்தரங்குக்கு மூன்று வாரம் இருந்தபோது அம்மையாருக்குக் காய்ச்சல் கண்டது. அந்த ஒரு முறை மட்டும் அவருடைய மருமகள் பொறுக்கி அனுப்பினாள். கோணியை அவிழ்த்தபோது பல மட்டிகள் வாய் பிளந்து செத்துக் கிடந்தன. மூடியிருந்தவற்றை மட்டும் எடுத்துச் சோதித்தேன். தாளில் இரண்டு புள்ளிகள் வந்தன.

என் முதல் எண்ணம், சரக்கு கெட்டுவிட்டது என்பதுதான். தாளை மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டினேன். இரண்டு நாள் வகுப்புகளை வழக்கம்போல் நடத்தினேன். மூன்றாம் நாள் இழுப்பறையைத் திறந்து பார்த்தேன். புள்ளி அங்கேயே இருந்தது. அது அழுகலின் கறை அன்று. தெளிவான, வட்டமான புள்ளி. அன்று மாலையே படகேறினேன்.

அம்மையார் காய்ச்சல் தேறி, குடிசை வாசலில் உட்கார்ந்து பறியைச் சரி செய்துகொண்டிருந்தார். நீரில் குந்தியபடி இறால் தடவும்போது பல்லில் கடித்துக்கொள்ளும் ஓலைப் பை அது. பொறுக்கிய நேரத்திலிருந்து படகேற்றும்வரை மட்டியை என்ன செய்கிறீர்கள் என்று கேட்டேன்.

“இன்னா செய்வேன்? கோணில கட்டி நெழல்ல வெப்பேன். நீ சொன்ன மாதிரிதான்.”

தண்ணீரே படுவதில்லையா என்றேன்.

“தண்ணில போடல நைனா. தண்ணி காட்டுவேன். உச்சில ஒரு வாட்டி, பொழுது சாயசொல்ல ஒரு வாட்டி, காலைல படகு ஏத்தறதுக்கு முன்ன ஒரு வாட்டி. கோணியோட முக்கி, கொஞ்ச நேரம் உட்டு எடுப்பேன்.”

ஒரு முறை நீர் கண்டால் போதும், மட்டி வாய் திறந்து மூச்சு விட்டு, சேர்த்து வைத்த புரோப்பியானிக் அமிலத்தை வெளியே கழுவிவிடும். நாளுக்கு மூன்று முறை அவர் என் இரண்டாவது புள்ளியைக் கழுவி ஏரியில் விட்டிருக்கிறார். ஏன் காட்டினீர்கள் என்று கேட்டேன். பெற்ற பிள்ளைக்கு ஏன் முகம் கழுவினாய் என்று யாரோ கேட்டதுபோல் என்னைப் பார்த்தார்.

“காட்டாம எப்பிடிக் குடுக்கறது? மண்ணு கக்க வேணாமா? வாயத் தொறந்துகினு செத்துக் கெடந்தா எவ பொறுக்கினதுன்னு துறையில கேக்க மாட்டாங்க? இந்தக் கையால இது வரிக்கும் செத்த மட்டி ஒண்ணு போனதில்ல.”

உள்ளேயிருந்து மருமகளின் குரல் வந்தது. “நான் காட்டல அத்தே. சாரு வேணாம்னாருன்னுதான் வெச்சிட்டேன்.”

“ஆமா, சாரு சொன்னாருன்னு பாதியக் கொன்னு அனுப்பினியே. இன்னும் ரெண்டு நாளு நான் படுத்திருந்தா என் பேர ஏரில கரைச்சிருப்ப.”

அவர்கள் வழக்கத்தில் தண்ணீரில் போட்டு வைப்பது ஒன்று, தண்ணீர் காட்டுவது வேறொன்று. வாசலில் கால் கழுவுவதைக் குளித்ததாக யார் கணக்கில் கொள்வார்கள்? இதை அறியாதவன் வெளியூர்க்காரனாக இருந்தால் பரவாயில்லை. நான் அதே ஏரியின் கரையில் பிறந்தவன். ஆனால் எங்கள் குப்பம் வலைக்காரர்களின் குப்பம். கையால் பொறுக்குபவர்களின் வீட்டில் மட்டி எப்படி இருக்கும் என்று நாங்கள் எட்டிப் பார்த்ததில்லை. நானும் படகிலிருந்து இறங்கியதில்லை. பிழை அவருடையதன்று, என்னுடையது. அதை அந்த வாசலில் நின்றபடியே எனக்குள் ஒப்புக்கொண்டேன். பலர் அறியச் சொல்ல இன்னும் சில வாரம் பிடித்தது.

மறுநாள் ரயிலேறிப் பேராசிரியரிடம் சென்றேன். அவர் என்பால் மிகுந்த அன்புடையவர். இன்று அவர் இல்லை. நான் சொன்னதைப் பொறுமையாகக் கேட்டார். ஒரே ஒரு முறை வந்த புள்ளியை வைத்து ஆறு முறை வந்ததைக் கைவிட வேண்டியதில்லை என்றார். சுருக்கம் அச்சாகிவிட்டது, இப்போது இதைப் படித்துவிடலாம், ஆய்வேட்டில் மெல்லத் திருத்திக்கொள்ளலாம் என்றார். தவறான எண்ணத்தில் அவர் அதைச் சொல்லவில்லை. என்னைக் காப்பாற்றவே சொன்னார். திரும்பும் வழியில் எனக்கு ஒன்று மட்டும் தெளிவாயிற்று. எங்கள் ஏரியில் ஆழமான ஓடை எங்கே ஓடுகிறது என்று ஒருவன் தவறாகச் சொல்லி, அந்தச் சொல்லை நம்பிப் படகு தரை தட்டிவிட்டால், பிறகு அவன் சாகும்வரை யாரும் அவனிடம் வழி கேட்கமாட்டார்கள். ஒரு கூடையும் ஒரு நாள் பொறுமையும் உள்ள எவனும் என் கட்டுரையைப் பொய்யாக்கிவிடலாம். பிறகு எனக்கு எந்தப் பெயரும் மிஞ்சாது. என் தகப்பனாருக்கும் மிஞ்சாது. கருத்தரங்குக்குப் பதினேழு நாள் இருந்தது.

இரண்டு நாள் விடுப்பு எடுத்தேன். அம்மையாரிடம் போய், இம்முறை மட்டியை இரண்டு பங்காகப் பிரிக்க வேண்டும் என்றேன். ஒரு பங்கு அவர் வழக்கப்படி தண்ணீர் காண வேண்டும். மறு பங்கு பொறுக்கிய நொடியிலிருந்து நீர் காணக் கூடாது. முதலில் மறுத்துவிட்டார். செத்து நாறினால் கெடுவது தம் பெயர் என்றார். சாகிற மட்டி என் கணக்கு, என் முன்னால்தான் சாகும், நான் நாள் முழுக்கப் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பேன் என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“அப்ப நீயே வந்து வாங்கிக்கோ. நான் அங்க நின்னு பொறுக்குவேன். கரைக்கு வர வழில இடுப்பு மட்டும் தண்ணி. கூடை எங்கியும் நனையக் கூடாதுன்னா தலையிலதான் வரணும். என் தலையில ஒரு கூடை, இன்னொண்ணுக்கு ஆளு வேணும்.”

மருமகள் இருக்கிறாளே என்றேன். “அவளா? வழியில பாவம் பாத்து முக்கிட்டா? நீதான் யாரையும் நம்பலயே” என்றார்.

விடிந்து வெயில் ஏறும் நேரத்தில், கால்சட்டையை மடித்துக் கட்டிக்கொண்டு ஏரியில் இறங்கினேன். சேறு கணுக்காலுக்கு மேல் வாங்கியது. அவர் ஒவ்வொரு மட்டியையும் எடுத்து மற்றொன்றின் மேல் தட்டி, காதருகே வைத்துக் கேட்டார். “இது நிக்கும். இது நிக்காது.” நிற்காது என்றதை நீருக்கே திருப்பி எறிந்தார். மருமகள் அப்படித் தட்டிப் பார்த்திருக்கமாட்டாள் என்பது அப்போது புரிந்தது. என் பங்கு நிறைந்ததும் கூடை அவர் தலைக்கு ஏறியது. நான் தலையைக் குனிந்து நின்றேன். கூடை அவர் தலையிலிருந்து என் தலைக்கு மாறியது. சட்டையெல்லாம் சேறு. ஓடையில் போய்க்கொண்டிருந்த இரண்டு படகுகள் நின்றேவிட்டன. எங்கள் குப்பத்துப் படகுகள்தாம்.

அன்று முழுதும் கரையில் குடை பிடித்துக்கொண்டு உலர்ந்த கூடையின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அவர் பங்கின் கோணிக்கு அவர் நேரம் தவறாமல் தண்ணீர் காட்டினார். செய்தி பரவி, போகிற வருகிற படகெல்லாம் கரையோரமாகவே வந்தது. என் தகப்பனாரின் கூட்டாளி ஒருவர் துடுப்பை நிறுத்திவிட்டு, “இன்னா வாத்தியாரே, மட்டிக்குப் பரீட்ச வெச்சிகினு கீறியா? ஒண்ணப் பாத்து ஒண்ணு காப்பி அடிக்கப் போவுது, உஷாரா பாத்துக்கோ” என்றார். படகிலிருந்தவர்கள் சிரித்தார்கள். நான் குடையைச் சற்று நகர்த்திக் கூடைக்கு நிழல் கொடுத்தேன். அவர் அறியாமல் சொன்னாலும் என் வேலை என்னவென்று மிகச் சரியாகவே சொல்லிவிட்டார். இரவு அம்மையாரின் வாசலில் எனக்குப் போட்ட கட்டிலுக்குப் பக்கத்தில் கூடை இருந்தது. காலையில் இரண்டு பங்கையும் எடுத்துக்கொண்டு பொன்னேரிக்குப் போனேன்.

அவர் பங்கில் ஒரு புள்ளி. என் பங்கில் இரண்டு.

கருத்தரங்குக்கு முன் இன்னும் இரண்டு முறை அதைச் செய்தேன். இரண்டு முறையும் ஏரியில் இறங்கினேன், இரண்டு முறையும் தலையில் சுமந்தேன். விடை மாறவில்லை. எங்கள் மட்டியின் நொதி உறங்கவில்லை. காற்றை மறுத்துவிட்டால் உலகத்தின் எந்த மட்டிக்கும் குறையாமல் அது கூடை மாற்றுகிறது.

கருத்தரங்கில் எழுந்ததும், அச்சில் உங்கள் கையில் இருக்கும் சுருக்கம் தவறு, அதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன் என்று தொடங்கினேன். அவையில் சலசலப்பு எழுந்தது. பேராசிரியர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். தவறு எப்படி நேர்ந்தது என்பதை ஒளிக்காமல் சொன்னேன். மட்டிக்குத் தண்ணீர் காட்டும் வழக்கத்தை நான் கேட்டறியவில்லை என்றேன். அந்த அம்மையார் தவறு செய்ததாக ஒரு சொல்லும் சொல்லவில்லை. பிறகு இரண்டு தாள்களையும் காட்டினேன். கேள்வி நேரத்தில் வடக்கிலிருந்து வந்திருந்த ஒரு மூத்த ஆய்வாளர், முதல் ஆறு முறை ஏமாந்த நீங்கள் இம்முறை ஏமாறவில்லை என்பதற்கு என்ன சான்று என்று கேட்டார். சிலர் சிரித்தார்கள். “கூடை என் தலையில் வந்தது, ஐயா. அது நனைந்ததா இல்லையா என்பதற்கு நானே சாட்சி” என்றேன். முடிந்ததும் பேராசிரியர் என் அருகில் வந்து, ஆய்வேட்டில் இந்த அத்தியாயத்தை முதலில் வை என்று மட்டும் சொன்னார். அந்த ஒரு வாக்கியத்துக்கு நிகரான பாராட்டை அதற்குப் பின் எந்த மேடையிலும் நான் பெறவில்லை.

குப்பத்துப் பெரியவரிடமும் போய்ச் சொன்னேன். வெளிநாட்டு மட்டி செய்வதை நம் மட்டியும் செய்கிறது என்றதும் அவர் முகம் சற்றுச் சுருங்கிற்று. பிறகு, “சரி, அதுக்குன்னு குறைஞ்சதும் இல்லதானே” என்றார். இல்லை என்றேன்.

எண்பதுகளின் தொடக்கத்தில் பட்டம் கிடைத்ததும் ஆய்வேட்டின் ஒரு படியை எடுத்துக்கொண்டு அந்த அம்மையாரின் குடிசைக்குப் போனேன். அவருக்குப் படிக்கத் தெரியாது. கனத்தைக் கையில் தூக்கிப் பார்த்தார். நொதி, புள்ளி எதைப் பற்றியும் கேட்கவில்லை. அவர் கேட்டது ஒன்றுதான்.

“எத்தினி செத்துச்சு?”

மூன்று முறையிலும் அவர் தட்டிப் பார்த்துக் கொடுத்ததில் ஒன்றுகூடச் சாகவில்லை என்றேன்.

“அத எழுதிக்கீறியா இதுல?”

எழுதியிருந்தேன். செய்முறை அத்தியாயத்தின் இரண்டாம் பத்தியில், சேகரித்தவரின் தலையிலிருந்து ஆய்வாளரே நேரில் பெற்றுக்கொண்ட மட்டிகளில் ஒன்றும் இறக்கவில்லை என்று இருக்கிறது. பக்கத்தைப் புரட்டி அந்த வரியின் மேல் விரலை வைத்தேன். அவர் என் விரலை விலக்கிவிட்டுத் தம் விரலை அங்கே வைத்தார். பிறகு உள்ளே திரும்பி, அடுப்பு வேலையாக இருந்த மருமகளை வந்து பார்க்கும்படி அழைத்தார்.